தோற்பதற்குச் சம்பளம்

போன மாதம் திருச்சியில் ஒரு டென்னிஸ் பயிற்சி முகாமுக்கு என்னைக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, நாற்காலியில் உட்காரவைத்தார்கள். "அந்தக் காலத்திலேயே தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரராக இருந்த திருமதி சலேத் மேரி" என்று மைக்கில் அறிமுகம். கைதட்டல் ஓய்ந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். அவள் பனியனில் முன்னும் பின்னும் கம்பெனிப் பெயர்கள்.

"மேடம், மொத்தம் எத்தனை கப் ஜெயிச்சீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. எனக்குத் தோக்கறதுக்குத்தான் சம்பளம்" என்றேன்.

நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன். ஆனால் நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதை அங்கே விளக்கியிருந்தால் முகாமில் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிருக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் டென்னிஸில் இரண்டு சாதி இருந்தது. கப் வாங்குகிறவர்கள் கூலி வாங்கக் கூடாது. கூலி வாங்குகிறவர்கள் கப்புக்கு ஆடக் கூடாது. கூலி வாங்கும் சாதிக்கு கிளப்புகளில் 'மார்க்கர்' என்று பெயர். மெம்பர்கள் வந்தால் எதிரில் நின்று பந்து போட வேண்டும், ஆட ஆள் இல்லாத மெம்பருடன் ஆட வேண்டும், கோர்ட்டைப் பராமரிக்க வேண்டும். என் அப்பா கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு கிளப்பில் மார்க்கர். நான் பாலக்கரையில் மாதாகோயில் பள்ளிக்கூடச் சுவரில் பந்தடித்தே கற்றுக்கொண்டேன். சுவரிடம் யாரும் ஜெயித்ததில்லை. எனக்கு அது நல்ல பயிற்சியாகத்தான் அமைந்தது.

வெள்ளைக்காரர்கள் போன பிறகு நம் அதிகாரிகளின் மனைவிமார் ஆட ஆசைப்பட்டார்கள். ஆனால் ஆண் மார்க்கர் எதிரில் நின்று அவர்கள் ஓடுவதைப் பார்ப்பதில் கணவன்மார்களுக்குச் சம்மதமில்லை. "பொம்பளைங்களுக்கு ஒரு பொம்பளை மார்க்கர் போடுங்கோ" என்று யாரோ சொல்ல, அப்பா என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார். வெள்ளைப் பாவாடை, முழங்கை வரை சட்டை, குறுக்கே இறுக்கிக் கட்டிய தாவணி, கான்வாஸ் ஷூ. முதல் நாள் என்னைப் பார்த்தவர்கள் நர்ஸ் வந்திருக்கிறாள் என்று நினைத்தார்களாம்.

காலையில் சாணி கரைத்துத் தெளித்த கோர்ட்டில் உருளை இழுப்போம். சுண்ணாம்புக் கோடு போடுவோம். பிறகு நெட்டின் உயரம். அதற்கு அளவுகோல் தேவையில்லை. ஒரு ராக்கெட்டை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் இன்னொரு ராக்கெட்டின் தலையைக் குறுக்காக வைத்தால் நடு நெட் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு வந்துவிடும். இதெல்லாம் எவரும் செய்துவிடலாம். தோற்பதுதான் வித்தை.

நெட்டில் அடித்துத் தோற்கக் கூடாது, சோம்பேறித்தனம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கோட்டுக்கு வெளியே நாலு விரற்கடை போக வேண்டும். அப்போதுதான், 'பாவம், எவ்வளவு முயற்சி பண்ணுகிறாள்' என்று தோன்றும். அடித்த கையோடு எதிராளி முகத்தைப் பார்க்கவே கூடாது. பந்தைப் பார்த்து வருத்தப்பட வேண்டும். பார்த்தால் போச்சு, நம் கள்ளத்தனம் கண்ணில் எழுதி ஒட்டியிருக்கும். மெம்பரின் ஃபோர்ஹேண்டுக்கே, அதாவது அவருக்கு வாகான வலதுகைப் பக்கமே, பந்து போட வேண்டும். கடைசியில், "வெல் ப்ளேய்ட், மேடம்."

ஆளுக்குத் தகுந்த தோல்வி வேறு உண்டு. டாக்டர் மனைவிக்குச் சீக்கிரம் ஜெயித்தாக வேண்டும், வீட்டில் குழந்தை அழும். ஜட்ஜ் மனைவிக்கோ முதலில் பின்தங்கி, அப்புறம் விரட்டிப் பிடித்து ஜெயித்தால்தான் இரவுச் சாப்பாடு இறங்கும். வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஒரு கதை வேண்டாமா? அந்த அம்மாளுக்காக நான் பாடுபட்டு முன்னேறி, பிறகு பாடுபட்டுச் சரிவேன். முதுகு ஒடிந்துவிடும்.

இதற்கெல்லாம் மேலாளர் எங்கள் செக்ரட்டரி ரங்கசாமி ஐயங்கார். ஸ்ரீரங்கத்து வக்கீல். நெற்றியில் நாமம், பின்னால் குடுமி, கீழே வெள்ளை பேண்ட். காவிரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் வருவார். எதையும் நேராகச் சொன்னால் நாக்கு சுட்டுவிடும் என்று நினைக்கிற மனிதர். வேப்பமரத்தடியில் பிரம்பு நாற்காலி போட்டு, கையில் மூங்கில்பிடிக் குடையோடு உட்கார்ந்திருப்பார். குடை மடங்கியிருக்கும் வரை நான் ஆட்டத்தை இழுத்துக்கொண்டு போகலாம். குடை விரிந்தால், 'போதும், தோற்று முடி' என்று அர்த்தம். இதை அவர் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் பாட்டுக்கு ஒரு மெம்பரை முந்திக்கொண்டு போக, நிழலில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று குடையை விரித்தார். உருளை இழுத்துக்கொண்டிருந்த அப்பா என்னைப் பார்த்து முழித்த முழியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு முன்பு ஒரு மார்க்கர் ஏதோ வேகத்தில் ஒரு மெம்பரைத் தோற்கடித்துவிட்டான். அன்று சாயங்காலமே அவனுக்கு வேலை போயிற்று.

இப்படியே வருஷங்கள் போயின. அப்பா படுக்கையில் விழுந்தார். வீடு என் ராக்கெட்டில்தான் ஓடியது. அப்போதுதான் லலிதா மேடம் வந்தார்.

முக்கொம்பு அணைக்கட்டு இன்ஜினியரின் மனைவி. அங்கேயே குவார்ட்டர்ஸ். ஜீப்பில் வருவார். மற்றவர்கள் பொழுதுபோக ஆடினார்கள். இந்த அம்மாளோ ஆட்டத்தின் மேல் உயிரை வைத்திருந்தார். என்னை நிற்கவைத்துப் பேச மாட்டார், பக்கத்தில் உட்காரச் சொல்வார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிடித்தவர்களுக்கு நல்லதைக் கொடுக்க வேண்டுமல்லவா? என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த ரகத் தோல்விகளை அவருக்குக் கொடுத்தேன். கிளப்பின் பெண்கள் கப்பை அவரே வாங்கினார். அந்தத் தைரியத்தில் மெட்ராஸில் ஒரு டோர்னமெண்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

திரும்பி வந்த அன்று பட்டுப்புடவையில் நேராக கோர்ட்டுக்கு வந்தார். ராக்கெட் கையில் இல்லை.

"ஒரு கேம்கூடக் கெடைக்கல மேரி. ஒண்ணுகூட."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"அந்தப் பொண்ணு எல்லாப் பந்தையும் எனக்கு இடது பக்கமே போட்டா. பேக்ஹேண்டுன்னு ஒண்ணு இருக்குறதே எனக்கு அங்கதான் தெரிஞ்சுது. மூணு வருஷமா ஆடுறோமே, நீ ஒரு பந்தாவது எனக்கு அந்தப் பக்கம் போட்டிருக்கியா?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப இத்தனை நாளும் நீ என்கிட்டத் தோத்தது?"

"சம்பளத்துக்குத் தோத்தேங்க மேடம்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. திட்டியிருந்தால்கூடத் தேவலை. நெட்டின் நாடாவைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை முக்கொம்புக்கு வா. எங்க பங்களாவுல வெள்ளக்காரன் காலத்து கோர்ட் ஒண்ணு இருக்கு. என்னோட நெசமா ஆடு. அங்கயும் தோத்தீன்னு வையி, அதுக்கப்புறம் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். அதன் பிறகுதான் பயம் வந்தது. ஜெயித்தால் வேலை போகும். தோற்றால் மேடம் போய்விடுவார். இரண்டுக்கும் கீழே இன்னொரு பயம் படுத்திருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நிஜமாக ஆடினால் நான் ஜெயிப்பேனா? திருச்சியில் ராக்கெட் பிடிக்கத் தெரிந்த எல்லாப் பெண்களிடமும் தோற்றிருக்கிறேன். நான் நன்றாக ஆடுகிறவள்தானா என்பதே எனக்குத் தெரியாது.

திருச்சியில் எந்த ரகசியம் தங்கும்? அது தானாகச் செக்ரட்டரி காதுக்குப் போவதைவிட நானே கொண்டுபோய்ச் சேர்ப்பது மேல் என்று ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். உத்தர வீதியில் அவர் வீடு. ரேழி நடையில் நிற்கவைத்து அவர் மனைவி, மாமி, காப்பி கொடுத்தாள். அந்த வீட்டு ஜன்னலில் எனக்கென்றே தனியாக ஒரு டம்ளர் உண்டு. அதற்கு ஞானஸ்நானம் கொடுக்காததுதான் பாக்கி.

விஷயத்தைச் சொன்னேன். செக்ரட்டரி சார் தலையைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை மழை வருமோ என்னமோ" என்றார். அதற்கு அர்த்தம் 'கூடாது'.

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "ஏன்னா, பங்குனியிலே பெருமாளே தாயார் சன்னதி வாசல்ல மட்டையடி வாங்கிண்டு நிக்கறார். ஊரே கூடிச் சேவிக்கறது. உங்க கிளப் மெம்பர் பெருமாளைக் காட்டிலும் ஒசத்தியோ?"

"நீ சித்தே சும்மா இரேன். அது உத்ஸவம், இது டென்னிஸ்."

"எல்லாம் மட்டைதானே!"

சார் மறுபடியும் உத்தரத்தைப் பார்த்தார். கூடும் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் முக்கொம்பு போனேன். ஷட்டர்களில் தண்ணீர் இறங்கும் சத்தம் பங்களா வரைக்கும் கேட்டது. லலிதா மேடத்தின் கணவர்தான் அம்பயர். ஏணி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். அணைக்குத் தெரிந்த அளவு டென்னிஸ் அவருக்குத் தெரியாது.

"பதினஞ்சு, முப்பது, அடுத்து நாப்பத்தஞ்சுதானே வரணும்? அதென்ன கணக்கு நாப்பது?"

"சும்மா இருங்க. சொன்னதைச் சொல்லுங்க" என்றார் மேடம்.

ஒரே ஒரு செட் என்று பேச்சு. ஆறு கேம், ஆனால் இரண்டு கேமாவது முந்த வேண்டும். ஆட்டம் தொடங்கப்போகிற நேரத்தில் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கையில் தூக்குடன் மாமி இறங்கினாள். பின்னாலேயே குடையோடு செக்ரட்டரி.

"காவிரியைப் பாத்துட்டு, கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டுட்டுப் போலாம்னு வந்தோம். நீங்க ஆடுங்கோ, நாங்க ஒண்ணும் பாக்கலை" என்று சொல்லிக்கொண்டே மாமி நேராக நடுக்கோட்டுக்கு எதிரில் ஜமுக்காளம் விரித்தாள். சார் அவளுக்குப் பின்னால், மாட்டிக்கொண்ட மாணவனைப்போல உட்கார்ந்தார்.

முதல் பந்தையே மேடத்தின் பேக்ஹேண்டுக்குப் போட்டேன். எனக்கே கை கூசியது. வருஷக்கணக்காகப் போகக் கூடாத வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அப்புறம் கூச்சம் விட்டுப்போயிற்று. அடடா, அந்தப் பக்கம் எவ்வளவு காலியிடம்! குறுக்கே அடித்தேன், மூலைக்கு அடித்தேன், நெட்டுக்கு ஓடிவந்து அடித்தேன். மேடமும் விடவில்லை. மெட்ராஸ் போய் வந்த பிறகு பேக்ஹேண்டை ராத்திரி பகலாகப் பழகியிருக்கிறார். அவர் அடித்த ஒரு பந்து வேலியைத் தாண்டி ஆற்றில் விழுந்தது. "விடுங்க, கல்லணையில போயிப் பிடிச்சுக்கலாம்" என்றார் இன்ஜினியர். ஐந்துக்கு இரண்டு என்று நான் முன்னால் நின்றேன். இன்னும் ஒரு கேம். உடம்பெல்லாம் சந்தோஷம்.

அப்போது ஜமுக்காளத்தின் மேல் குடை விரிந்தது.

சார் வேண்டுமென்று செய்தாரா, மெம்பர் தோற்பதைப் பார்த்துக் கை தானாகச் செய்ததா, தெரியாது. என் கையும் தானாகவே செய்தது. அடுத்த பந்து கோட்டுக்கு வெளியே நாலு விரற்கடை. அதற்கடுத்ததும். ஐந்துக்கு மூன்று, நாலு, ஐந்துக்கு ஐந்து. நான் மனசுக்குள் 'வேண்டாம், வேண்டாம்' என்கிறேன், மணிக்கட்டு கேட்டால்தானே!

"வெயிலும் இல்லை, மழையும் இல்லை. எதுக்குன்னா குடை?" மாமி அதை வெடுக்கென்று பிடுங்கினாள். மடக்கினாள். ஜமுக்காளத்துக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மூச்சு வந்தது. ஒரு கேம் எடுத்தேன். ஆறுக்கு ஐந்து. அடுத்த கேமில் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் முடியும் என்கிற இடத்துக்கு வந்தேன். அடித்தேன், வெளியே. மறுபடியும் அதே இடத்துக்கு வந்தேன். மறுபடியும் வெளியே. குடை இல்லை, யாரும் தடுக்கவில்லை. என் கைக்கு முடிக்கத் தெரியவில்லை. தோற்றுத் தோற்று ஜெயிக்கும் வழி அதற்கு மறந்தே போயிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வியர்வையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை. மெதுவான பந்து, மேடத்தின் ஃபோர்ஹேண்டுக்கே போயிற்று. அவர் ஓங்கி அடித்தார். கோட்டுக்கு வெளியே நாலு விரற்கடை.

"ஆட்டம் முடிஞ்சுது! மேரி ஜெயிச்சாச்சு!" என்று இன்ஜினியர் ஏணியிலிருந்து இறங்கினார்.

மேடம் பந்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரிடம், என்னிடமா? நான் செய்து செய்து தேய்ந்த வேலையை என்னிடமேயா? எனக்கு வந்த கோபம் இன்று நினைத்தாலும் காதைச் சூடாக்குகிறது. நெட் வரைக்கும் போய்க் கத்தினேன்.

"அது உள்ள விழ வேண்டிய பந்து மேடம். வேணும்னுதானே வெளிய அடிச்சீங்க?"

"நீ அழுதியே மேரி, அதான்..."

"அதுக்காக? எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாங்க. அந்தப் பாயிண்டைத் திரும்ப ஆடுங்க!"

மேடம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இப்ப தெரியுதா, எனக்கு எப்படி இருந்திருக்கும்னு?"

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

இன்ஜினியரை மறுபடி ஏணியில் ஏற்றினோம். சர்வீஸ் போட்டேன். மேடம் இந்தத் தடவை ஈவு இரக்கமில்லாமல் திருப்பினார். நான் திருப்பினேன், அவர் திருப்பினார். பந்து ஒரு பக்கமும் நிற்கவில்லை. கடைசியில் அவருடைய பேக்ஹேண்டுப் பக்கம், மூலையைப் பார்த்து, இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து ஒரு அடி. சுண்ணாம்பு பறந்தது. கோட்டின் மேலேயே விழுந்திருந்தது.

ஏழுக்கு ஐந்து. ஜெயித்தேன். ஜெயித்துவிட்டு எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. தோற்றால் சொல்ல வேண்டிய வசனம் தெரியும், ஜெயித்தால் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. முட்டாள் மாதிரி நின்றேன். மேடம்தான் நெட்டுக்கு வந்து கையை நீட்டினார்.

"வெல் ப்ளேய்ட், மேடம்" என்றார் என்னைப் பார்த்து.

மாமி எல்லோருக்கும் புளியோதரை போட்டாள். பிளாஸ்கில் காப்பி இருந்தது, மூடி ஒன்றுதான். முதலில் எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். நான் குடித்துக் கொடுத்ததை அலம்பிவிட்டுத் தானும் ஊற்றிக்கொண்டாள். செக்ரட்டரி சார் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவு வேலை போனதாகவே நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. ஆனாலும் சாரிடமிருந்து ஆள் வந்தது, உடனே வரச்சொல்லி. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"சலேத், முக்கொம்பு எங்கே இருக்கு?"

"ஆத்தங்கரையிலங்க சார்."

"கிளப் எங்கே இருக்கு?"

"இங்கங்க சார்."

"கிளப்புக்குள்ளே மெம்பரை மார்க்கர் ஜெயிக்கப்படாது, அவ்வளவுதான். ஆத்தங்கரையிலே யார் யாரை அடிச்சா நேக்கென்ன? வக்கீலுக்கு இதுகூடத் தெரியாதா?" என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதைக் கவனிக்காத மாதிரி பேண்ட்டின் மடிப்பைத் தட்டிக்கொண்டே சொன்னார், "வந்ததுதான் வந்தே. என்னோட ஒரு செட் ஆடு. நேத்திக்கு ஆடினாயே, அப்படி ஆடணும். மாமிகிட்டே சொல்லிட்டு வந்திருக்கேன். குடையை ஆத்துலயே அவகிட்டே குடுத்துட்டேன்."

ஆடினேன். சத்தியமாக நிஜமாகத்தான் ஆரம்பித்தேன். நாலு கேம் வரிசையாக எடுத்தேன். குடுமி அவிழ்ந்து, நாமம் வியர்வையில் வழிந்து மூக்குக்கு வந்துவிட்டது. ஆனாலும் மனிதர் ஒவ்வொரு பந்துக்கும் ஓடினார். நாற்காலியிலேயே உட்கார்ந்து இத்தனை வருஷமும் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்த மனிதர் இப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு பந்தை எட்டித் திருப்பிவிட்டு, சின்னப் பையனைப் போல "ஹா!" என்று கத்தினார்.

அடுத்த பந்து கோட்டுக்கு வெளியே நாலு விரற்கடை போயிற்று. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறுக்கு நாலு என்று சார் ஜெயித்தார். ராக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க நெட்டுக்கு வந்தார்.

"பாத்தியோ! நிஜமா ஆடினாலும் உன் ஜம்பம் என்கிட்டே சாயலை."

"வெல் ப்ளேய்ட், சார்."

லலிதா மேடம் அடுத்த வருஷம் மெட்ராஸில் முதல் ரவுண்டைத் தாண்டினார். இரண்டாவதில் தோற்றுவிட்டு வந்து, எப்படித் தோற்றார் என்று சாயங்காலம் முழுக்கச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அறுபதுகளின் கடைசியில் கூலி வாங்குகிறவர்களும் கப்புக்கு ஆடலாம் என்று உலகத்தில் விதியை மாற்றினார்கள். அதற்குள் என் முழங்கால் ராஜினாமா கொடுத்துவிட்டது. கிளப்பில் இன்னும் பல வருஷம், குடை விரிந்த போதெல்லாம் தோற்றுக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் சம்பளத்துக்கு.

அந்தத் திங்கட்கிழமை மட்டும் விடுமுறை நாள். அன்று சம்பளம் கிடையாது.